முதலாளியின் மதமும் தொழிலாளியின் மருந்தும்

(கனகராயன்குளத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நெல் விலை, காணி அனுமதிப்பத்திரம், யானை வேலி ஆகியவற்றைப் பற்றியே பேசிப் பழகிய இம்மண்டபத்தில், கருத்தடையைப் பற்றிப் பேச நாம் முன்வந்தது சிலருக்கு வியப்பாயிருக்கும். சிலருக்கு அருவருப்பாகவும் இருக்கலாம். "இது பெண்கள் தங்களுக்குள்ளே பேசிக்கொள்ளும் சங்கதி, மேடைக்கு ஏன் வந்தது?" என்று வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் எம்மிடமே கேட்டார். அவருக்குச் சொல்லிய பதிலையே இங்கும் முதலிற் சொல்லிவிடுகிறோம். வீட்டுக்குள் இருந்த சங்கதியை மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் நாமல்லர். நீதிமன்றங்கள் கொண்டுவந்தன; மதபீடங்கள் கொண்டுவந்தன; அரசாங்கங்கள் கொண்டுவந்தன; கம்பனி முதலாளிகளும் கொண்டுவந்தனர். எல்லோரும் பேசி முடித்த பின்னர், யாருடைய உடம்பைப் பற்றிப் பேசினார்களோ அவள் மட்டும் வாய் திறக்கலாகாது என்பது என்ன நியாயம்?

முதலில் ஓர் அந்நிய தேசத்து வழக்கைச் சொல்வோம். அமெரிக்காவின் வழக்குக்கும் கனகராயன்குளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவசரப்பட வேண்டாம். சம்பந்தம் உண்டு.

அமெரிக்காவிலே நம் நாட்டைப் போல எவரும் போய்க் காசின்றி மருந்து வாங்கிவரும் அரசாங்க வைத்தியசாலை முறை இல்லை. அங்கே உழைப்பவருள் மிகப் பலருக்கு வைத்தியச் செலவைத் தாங்குவது அவர் வேலை செய்யும் கம்பனி எடுத்துக்கொடுக்கும் காப்புறுதி. இந்த வழக்கம் வேரூன்றிய கதை வேடிக்கையானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-இல், விலைவாசி ஏறாதிருக்கும் பொருட்டுச் சம்பள உயர்வுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. சம்பளத்தைக் கூட்ட முடியாத கம்பனிகள், ஆட்களைப் பிடித்துவைத்திருக்கக் காப்புறுதியைக் கொடுக்கத் தொடங்கின. ஆகவே அந்தக் காப்புறுதி முதலாளி இட்ட பிச்சையன்று. சம்பளத்துக்குப் பதிலாக வந்த சம்பளம். இந்த ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

2010-ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஒபாமாவின் காலத்திலே புதிய சுகாதாரக் காப்புறுதிச் சட்டம் வந்தது. அதன் கீழ், கருத்தடை மருந்துகளையும் சாதனங்களையும் மேலதிகக் கட்டணமின்றிக் காப்புறுதியே தரவேண்டும் என விதி செய்யப்பட்டது. உடனே எதிர்ப்பு எழுந்தது. கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்ததில் வியப்பில்லை. பாப்பரசர் ஆறாம் பவுல் 1968-இல் வெளியிட்ட சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை விலக்கிய பின், அச்சபை அந்நிலையினின்று மாறவில்லை. ஆனால் இம்முறை வழக்காடியவர் குருமாரும் கன்னியரும் மட்டுமல்லர். கைவினைப் பொருள் விற்கும் 'ஹொபி லொபி' என்னும் கடைக் கம்பனியும் வழக்காடியது. 13,000-க்கு மேற்பட்ட ஊழியர்களை வைத்திருந்த அக்கம்பனியின் உரிமையாளர் குடும்பம் புரட்டஸ்தாந்து கிறிஸ்தவக் குடும்பம். இருபது வகைச் சாதனங்களுள் நான்கு தமது மனச்சாட்சிக்கு ஒவ்வாதவை என்றும், அவற்றுக்குத் தமது கம்பனி பணம் கொடாது என்றும் அவர்கள் வாதித்தனர்.

2014 ஜூன் 30-ஆந் திகதி அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கிலே முதலாளியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு சிலர் கையில் பங்குகள் முழுவதும் இருக்கும் கம்பனி தன் உரிமையாளரின் மத நம்பிக்கையைக் காட்டி விலக்குப் பெறலாம் என்பது அதன் சாரம். கம்பனிக்கு ஞானஸ்நானம் எப்போது கொடுத்தார்கள் என்று நாம் கேட்பது குறும்பாயிருக்கலாம். ஆயினும் மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதியரசர் ரூத் கின்ஸ்பேர்க் அம்மையார் ஏறக்குறைய அதையே சட்டத்தின் மொழியிற் கேட்டார். கருப்பையில் வைக்கும் சாதனம் ஒன்றின் செலவு, அடிமட்டச் சம்பளக்காரி ஒருத்தியின் ஒரு மாத உழைப்புக்கு ஏறக்குறையச் சமமாகும் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். 2020 ஜூலை 8-ஆந் திகதி அதே நீதிமன்றம், முதியோரைப் பராமரிக்கும் கன்னியர் சபையொன்று சம்பந்தப்பட்ட வழக்கிலே, விலக்கை இன்னும் விரித்துச் செய்யப்பட்ட அரசாங்க விதிகளை ஏழுக்கு இரண்டு என்ற கணக்கிலே ஏற்றுக்கொண்டது.

இனி நம் கருத்துக்கு வருவோம்.

மனச்சாட்சி என்பதை நாம் ஏளனஞ் செய்பவர்களல்லர். மதத்துக்காக அடிபட்டவர்களும், கோயிலும் தேவாலயமும் இடிந்து நின்றதைக் கண்டவர்களும் கூடியிருக்கும் கூட்டம் இது. கத்தோலிக்கத் தாய் ஒருத்தி, தன் சபையின் போதனைப்படி மாத்திரை வேண்டாமென்று இருந்தால், அவளுக்கு நாம் தலைவணங்குவோம். அந்த உரிமையை எந்த அரசாங்க அதிகாரியும் தொடலாகாது. ஆனால் ஒருவர் தமக்கு வேண்டாமென்பது வேறு. தம்மிடம் வேலை செய்பவளுக்கு வேண்டாமென்பது வேறு. முன்னையது விரதம். பின்னையதை விரதம் என்று சொல்ல எம் நாக்கு எழவில்லை.

"எங்கள் பணத்தாலன்றோ வாங்குகிறாள்? பாவத்திலே எங்களுக்கும் பங்கு வந்துவிடுமே!" என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். நேர்மையாகச் சொல்லப்படும் வாதம்தான். ஆகவே நேர்மையான பதில் வேண்டும். இங்கே சம்பளம் பெறுவோர் பலர் இருக்கிறீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வெட்டப்படுகிறது. முதலாளி நூற்றுக்கு 12 போடுகிறார். அந்தப் பன்னிரண்டும் முதலாளியின் பையிலிருந்துதான் வருகிறது. நாளை அந்த நிதியை எடுத்து நீங்கள் வீடு கட்டலாம், கடன் அடைக்கலாம், மகளுக்குச் சீதனங்கூடக் கொடுக்கலாம். (சீதனம் கொடுப்பதை நாம் ஆதரிப்பதாக எண்ணிவிடாதீர்கள், அதற்கு வேறொரு கூட்டம் வைக்கவேண்டும்.) "என் 12 வீதத்தால் நீ மதுக்கடை நடத்தலாகாது, மாட்டிறைச்சி வாங்கலாகாது" என்று எந்த முதலாளியாவது கேட்டதுண்டா? கேட்டால் சிரிப்போம். கொடுத்த கணமே அது அவர் பணமன்று, உழைத்தவரின் பணம். காப்புறுதியும் அவ்வாறே.

கமக்காரருக்கு இன்னும் விளங்கச் சொல்லலாம். குளத்துத் துருசைத் திறப்பவர் வட்டவிதானையார். எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்பது கூட்டத்திலே தீர்மானிக்கப்பட்டது. திறப்பு அவர் கையில் இருக்கிறது என்பதற்காக, "நீ விதைத்திருக்கும் நெல்லினம் என் நேர்த்திக்கு ஒவ்வாது, உன் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடமாட்டேன்" என்று அவர் சொல்லலாமா? அவர் தம் வயலில் எதை விதைப்பது என்பது அவர் பாடு. துருசின் திறப்போ எல்லோருக்குமாக அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. காப்புறுதியைப் பிடித்துவைத்திருக்கும் முதலாளியும் திறப்புக்காரரேயன்றிக் குளத்துக்குச் சொந்தக்காரர் அல்லர்.

மேலும், இவ்வாசலை ஒருமுறை திறந்தால் எங்கே போய் மூடுவது? இரத்தம் ஏற்றுவதை விலக்கும் கிறிஸ்தவப் பிரிவு உண்டு. தடுப்பூசியை விலக்குவோர் உண்டு. மருந்துக் குளிசைகளின் கூடுகளிற் பெரும்பாலானவை மாட்டினதோ பன்றியினதோ தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் பசையால் ஆனவை. சுத்த சைவரான முதலாளி ஒருவர், "என் காசிலே மாட்டுக்கூடு விழுங்கலாகாது" என்று சொன்னால் காய்ச்சற்காரன் எங்கே போவான்? கின்ஸ்பேர்க் அம்மையார் இந்த வினாவையும் தம் தீர்ப்பிலே எழுப்பினார். பெரும்பான்மை நீதியரசர்கள் தம் தீர்ப்பு கருத்தடையை மட்டுமே சேர்ந்தது என்றனர். இரத்தத்துக்கும் தடுப்பூசிக்கும் பொருந்தாத நியாயம் பெண்ணின் மருந்துக்கு மட்டும் எப்படிப் பொருந்திற்று? ஆண்களின் உடம்பைத் தொடும் மருந்தாயிருந்தால் இத்தனை மனச்சாட்சிகள் விழித்தெழுந்திருக்குமா என்பது எமக்கு ஐயமே.

"இது அமெரிக்காவின் தலைவலி, நமக்கு ஏன்?" என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது.

நம் நாட்டிலே இந்த மருந்து முதலாளியின் தயவில் இல்லை என்பது உண்மை. அதற்கு நாம் நன்றி சொல்லவேண்டியவர்கள் சிலர் உண்டு. 1953-இல் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் தொடங்கப்பட்டபோது முன்னின்றவர்களுள் ஒருவர் டொக்டர் சிவா சின்னத்தம்பி என்னும் தமிழ்ப் பெண் வைத்தியர். ஆண்டுக்கொரு பிள்ளை பெற்று இரத்தம் வற்றி வந்து படுத்த தாய்மாரைப் பிரசவ விடுதியிலே கண்ணாரக் கண்டவர் அவர். அக்காலத்தில் அவ்வேலைக்குக் கிடைத்த ஏச்சுக் கொஞ்சமல்ல. 1958-இல் சுவீடன் அரசாங்கத்துடன் உடன்படிக்கை ஏற்பட்டது. 1965-இல் அரசாங்கமே தாய் சேய் நலச் சேவையோடு அதனைச் சேர்த்தெடுத்தது. இன்று குடும்பநல உத்தியோகத்தர், நாம் மருத்துவமாது என்று அழைப்பவர், வீட்டுப் படலையில் வந்து நிற்கிறார். காசும் இல்லை, கம்பனிச் சீட்டும் தேவையில்லை. 1940-களிலே ஒரு லட்சம் பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இந்நாட்டில் இறந்தனர். பின்னர் அத்தொகை முப்பது அளவுக்கு இறங்கிற்று. மலேரியா ஒழிப்பும், இலவச வைத்தியமும், பெண் கல்வியும், மருத்துவமாதும் கூடிச் செய்த வேலை அது. பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடைவெளி விட முடிந்தது அவற்றுள் ஒரு காரணம்.

ஆயினும் தோழர்களே, பெண்ணின் கையிலிருக்கவேண்டிய திறப்பைப் பிறர் பிடுங்குவது ஒரே விதமாக நடப்பதில்லை. அமெரிக்க முதலாளி, "தரமாட்டேன்" என்றான். நம் நாட்டிலே முதலாளி, "எடுத்துத்தான் ஆகவேண்டும்" என்றான். இரண்டும் ஒரே கையின் இரண்டு பக்கங்கள்.

மலையகத்தைப் பாருங்கள். 1977-இலும் 1983-இலும் அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை என்று நாம் சொல்லத் தேவையில்லை. அவர்களிடம் கேளுங்கள். தோட்டத்திலே வைத்தியம் தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்தது. வேலை கொடுப்பவனே மருந்தும் கொடுப்பவன். லயத்தைக் கொடுப்பவனும் அவனே. 1980-களிலே நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்குப் பணம் கொடுக்கும் முறையை அரசாங்கம் கொண்டுவந்தது. அது நாடு முழுவதற்குமான முறைதான். ஆனால் அன்றாடச் சம்பளத்தில் அரை வயிற்றோடு கிடந்த தோட்டப் பெண்ணுக்கு அந்தச் சில நூறு ரூபா என்னவாயிருந்திருக்கும்? சத்திரசிகிச்சைக்குப் போகத் தோட்டத்து லொறி வந்தது, சம்பளத்தோடு லீவு கிடைத்தது என்று ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். மாத்திரை, ஊசி, சாதனம் என்று மீளக்கூடிய வழிகள் பலவிருக்க, மீளமுடியாத ஒன்றே தோட்டத்தில் முதலிடம் பெற்றது. பெண் கொழுந்து பறிக்கும் கை. பிரசவ லீவு நிருவாகத்துக்குச் செலவு. கணக்கு விளங்குகிறதல்லவா? பிறர் வற்புறுத்தலின்றித் தாமே விரும்பிச் செய்துகொண்டவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களை நாம் மறைக்கவில்லை. ஆனால் விரும்பியவள் யார், லொறியில் ஏற்றப்பட்டவள் யார் என்று பிரித்தறிய முடியாதபடி செய்துவைத்த முறையைத்தான் குற்றஞ் சொல்கிறோம்.

இன்னும் கிட்ட வாருங்கள். பூநகரிப் பக்கத்திலே வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு என்று மூன்று கிராமங்கள். 2009-இன் அழிவிலிருந்து தப்பிப் பிழைத்துத் திரும்பிய மக்கள். 2013 ஓகஸ்ட் 31-ஆந் திகதி அங்குள்ள தாய்மார், பிள்ளைகளைக் கிளினிக்குக்குக் கொண்டுவரும்படி அழைக்கப்பட்டனர். அங்கே போனபின் அவர்கள் கையின் தோலுக்குக் கீழே கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டது என்றும், மறுத்தால் இனி வைத்தியசாலையில் சிகிச்சை கிடையாது என்று மிரட்டப்பட்டதாகத் தாய்மார் கூறினர் என்றும் அவ்வாண்டு வெளிவந்த மனித உரிமை அறிக்கை பதிவு செய்தது. இந்தக் குச்சி தன்னளவில் நல்ல சாதனம். பல ஆண்டு வேலை செய்யும். எடுத்தால் மீண்டும் கருத்தரிக்கலாம். உலகெங்கும் பெண்கள் கேட்டு வாங்குவது. ஆனால் பிள்ளையின் நிறை பார்க்கப் போன தாயின் கையில், அவள் சம்மதத்தை முழுதாய்ப் பெறாது வைக்கும்போது அது மருந்தாயிருப்பதில்லை. அந்த அறிக்கையைப் படித்த இரவிலே நம்மவர் பலருக்கு வந்த எண்ணம், "எம் இனத்தையே அறுக்கிறார்கள்" என்பது. அந்த அச்சத்தை நாம் பழிக்கமாட்டோம். போர் நடத்திய அரசாங்கத்தின் கையால், போர் முடிந்து நாலே ஆண்டில், தமிழ்ப் பெண்ணுக்கு இது நடந்தால் வேறு எந்த எண்ணம் வரும்?

இதே காலத்தில் தெற்கிலே நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2012-இல் தோன்றிய பொது பல சேனா, சிங்கள பௌத்தரின் பிறப்பு குறைகிறது, குடும்பத் திட்டமே அதற்குக் காரணம், நிரந்தரக் கருத்தடையை நிறுத்துக என்று முழங்கிற்று. பௌத்த தருமத்திலே கருத்தரியாமல் தடுப்பதற்கு விலக்கு எங்கே இருக்கிறது என்று கேட்ட பிக்குகளும் இருந்தனர். அவர்கள் குரல் எடுபடவில்லை. மதத்தின் உடை போர்த்துவந்த அந்த எதிர்ப்பு, உண்மையிலே தலைக்கணக்குப் பற்றியது. அந்த விதை என்ன மரமாயிற்று என்பதையும் கண்டோம். 2018 பெப்ரவரியில் அம்பாறையிலே முஸ்லிம் உணவுக்கடை ஒன்றில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கூறிக் கலவரம் செய்தார்கள், பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. சோதித்துப் பார்த்த அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் அது மாவுக்கட்டி என்றார். அவ்வாறு சாப்பாட்டிற் போட்டு மலடாக்கும் மாத்திரை உலகில் எங்குமே இல்லை. 2019 மே மாதத்திலே குருநாகல் வைத்தியசாலையின் டொக்டர் ஷாபி, ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்று பத்திரிகையொன்று எழுதிற்று. அவர் கைது செய்யப்பட்டார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அதற்குச் சான்றில்லை என்று நீதிமன்றில் தெரிவித்தது. ஜூலையிலே அவர் பிணையில் வந்தார். பிள்ளை பெறுவித்துக்கொடுத்த கையைக் கூட்டம் சேர்ந்து பழித்த கதை அது.

தெற்கின் குற்றத்தைச் சொல்லும்போது இம்மண்டபத்திலே தலைகள் ஆடின. இனி நம் குற்றத்தைச் சொல்லப்போகிறோம், அப்போதும் ஆடவேண்டும்.

நம்மவரிடையேயும் ஒரு பேச்சுக் கிளம்பியிருக்கிறது. "போரிலே இத்தனை ஆயிரம் உயிரை இழந்தோம், புலம்பெயர்ந்து இத்தனை லட்சம் போயிற்று, யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 2010-இல் ஒன்பது பாராளுமன்ற ஆசனங்கள் இருந்தன, 2015-இல் ஏழாயிற்று, 2024-இல் ஆறாயிற்று. ஆகவே தமிழ்ப் பெண்கள் நிறையப் பெறவேண்டும், கருத்தடை இனத் துரோகம்" என்று சொல்கிறார்கள். மேடையிலும் சொல்கிறார்கள். கோயில் வீதியிலும் சொல்கிறார்கள். வெளிநாட்டில் ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டவர்களும் தொலைபேசியிலே சொல்கிறார்கள்.

ஆசனங்கள் குறைந்தது உண்மை. அது எம் நெஞ்சிலும் தைக்கிறது. ஆனால் எந்த மாத்திரையால் குறைந்தது? 1948-இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் பிரசாவுரிமையைப் பறித்தது, மாத்திரையா பறித்தது? 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென எழுதிற்று, அது மாத்திரையா எழுதியது? இந்த வவுனியா வடக்குக்கு அடுத்துள்ள மணலாறு 1988-இல் வெலி ஓயாவாயிற்று. அங்கே மருத்துவமாது குடியேற்றம் செய்தாரா? எண்ணிக்கை போனது சட்டத்தால், ஒப்பந்தத்தால், குடியேற்றத்தால், குண்டால், கப்பலால், விமானத்தால். அவற்றை எதிர்க்க வேண்டிய அரசியலை நாம் செய்யாது விட்டுவிட்டு, அந்தக் கடனைப் பெண்ணின் வயிற்றின் மேல் எழுதிவைப்பது எங்ஙனம் வீரமாகும்? கணவனைப் போரில் இழந்து, இரண்டு பிள்ளைகளை வைத்துக் கச்சான் தோட்டத்தில் கூலிக்கு நிற்பவளிடம் போய் ஆசனக் கணக்குச் சொல்ல எவருக்கு மனம் வரும்?

பொது பல சேனா சிங்களப் பெண்ணிடம் கேட்டதையே நாம் தமிழ்ப் பெண்ணிடம் கேட்டால், இரண்டுக்கும் கொடி மட்டுந்தான் வேறு.

தமிழுலகில் இதைத் தெளிவாய்ப் பிரித்துச் சொன்னவர் ஒருவர் உண்டு. பெரியார் ஈ. வெ. ரா. 1930-களிலேயே 'குடி அரசு' ஏட்டிலும் நூல்களிலும் கருத்தடையை எழுதினார். அவருடைய 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் நூலிலே அதற்கெனத் தனி அத்தியாயம் இருக்கிறது. நாட்டின் வறுமை தீரவும், குடும்பச் சொத்துச் சிதறாதிருக்கவும், தாயின் உடல்நலம் காக்கவும் கருத்தடை வேண்டுமென்று அக்காலத்தில் மற்றவர்கள் சொன்னார்கள். அவரோ அவற்றையெல்லாம் ஒருபுறம் ஒதுக்கி, பெண் சுயேச்சையாக இருக்க அது வேண்டும் என்றார். அவருடைய கடவுட் கொள்கையை ஏற்காதவர்கள் இங்கே பலர் இருக்கலாம். நாமும் அதை விவாதிக்க வரவில்லை. ஆனால் காரணத்தை மாற்றி வைத்த அந்த நுட்பத்தைக் கவனியுங்கள். நாட்டின் வறுமைக்காகக் கருத்தடை என்றால், நாடு நாளைக்கு வற்புறுத்தவும் செய்யும். இந்தியாவிலே நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், 80 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தார்கள். பிடித்திழுத்துச் செய்யப்பட்டவர் எத்தனையோ பேர். இனத்தின் பலத்துக்காகப் பிள்ளை என்றால், இனம் நாளைக்குத் தடுக்கவும் செய்யும். அவளுக்காக என்று சொன்னால் மட்டுமே, தருவதற்கும் தடுப்பதற்கும் அவளைக் கேட்க வேண்டியிருக்கிறது.

சைவப் பெரியோர்களிடம் ஒரு வார்த்தை. நம் சமயத்திலே பாப்பரசர் போல ஒரே வாயாய் விலக்கு விதிக்கும் பீடம் இல்லை. அதை ஒரு பேறாக வைத்துக்கொள்வோம். இல்லாத விலக்கைப் புதிதாய் உண்டாக்க வேண்டாம். இஸ்லாமிய நீதி நூலாரிற் பலர் தற்காலிகத் தடையை அனுமதித்திருக்கின்றனர். கத்தோலிக்கக் குருமாருக்கும் மரியாதையோடு சொல்கிறோம்: உங்கள் பிரசங்க மேடை உங்களுடையது, அங்கிருந்து போதியுங்கள். மருந்து அலுமாரியின் திறப்பை மட்டும் கேட்காதீர்கள். பிலிப்பைன்ஸ் நாட்டிலே 2012-இல் கருத்தடைச் சேவைக்கான சட்டம் வந்தபோது திருச்சபை வீதியில் நின்று எதிர்த்தது. 2014-இல் அந்நாட்டு அதியுயர் நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்று, மதச் சார்பான வைத்தியசாலைகளுக்குச் சில விலக்கையும் கொடுத்தது. அந்த விலக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்பது பற்றி நமக்குள்ளும் பேதம் உண்டு. ஓர் ஊரில் ஒரே வைத்தியசாலைதான் இருக்கிறதென்றால், அதன் விலக்கு அவ்வூர்ப் பெண்கள் எல்லாருக்கும் விலக்காகிவிடுகிறது. வன்னியின் தூரங்களை அறிந்த நமக்கு இது விளங்கும். நெடுங்கேணியிலிருந்து வவுனியாவுக்கு ஒரு பேருந்தைத் தவறவிட்டவளுக்கு இன்னும் நன்றாய் விளங்கும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சங்கதி. போர் முடிந்தபின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்திருக்கின்றன. விடியுமுன் கண்டி வீதியில் நின்று தொழிற்சாலைப் பேருந்து ஏறும் பிள்ளைகளை நீங்கள் காண்கிறீர்கள். அவர்களுட் சிலருக்குக் கம்பனிக் காப்புறுதி உண்டு. அரசாங்க உத்தியோகத்தருக்கு 'அக்ரஹார' காப்புறுதி உண்டு. வங்கியிலும் தனியார் கல்விக்கூடங்களிலும் வேலை செய்வோருக்கும் இத்தகைய திட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இலவச வைத்தியம் மெலிய மெலிய, இந்தப் பத்திரங்கள் பெருகும். மருந்துத் தட்டுப்பாடு எப்படியிருக்கும் என்பதை 2022-இல் வரிசையில் நின்று படித்தோம். மகப்பேறு, கருத்தடை, கருச்சிதைவுக்குப் பின்னான சிகிச்சை என்பவை சேர்ந்தவையா, விலக்கப்பட்டவையா என்று அந்தப் பத்திரத்தின் சிறிய எழுத்தில் ஓரிடத்தில் இருக்கும். பெரும்பாலோர் கையொப்பம் வைக்கும்போது அதை வாசிப்பதில்லை. வாசிக்கலாமென்றால் அது தமிழில் இருப்பதும் அருமை.

ஆகவே இக்கூட்டத்தின் முன் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறோம். கம்பனிக் காப்புறுதி உள்ளவர்கள் தங்கள் பத்திரத்தை வாங்கிவந்து, இங்கிருக்கும் சட்டத்தரணியிடமும் ஆசிரியர்களிடமும் கொடுத்துத் தமிழில் எழுதுவித்துக்கொள்ள வேண்டும். விலக்கு ஏதும் இருந்தால் அதன் காரணத்தைத் தொழிற்சங்கத்தின் மூலம் எழுத்திற் கேட்க வேண்டும். மற்றது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு விண்ணப்பம். எந்தக் கருத்தடைச் சாதனத்தைக் கொடுக்குமுன்னும், அதன் பெயர், பயன், பக்கவிளைவு, எடுப்பிக்கும் வழி ஆகியவை தமிழில் எழுதிய தாளில் தாயின் கையில் கொடுக்கப்படவேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் அதே வரிசையில் வைத்து அவளிடம் சம்மதம் கேட்கலாகாது. வீட்டுக்குப் போய் யோசித்துவர நாள் கொடுக்க வேண்டும்.

இரண்டாவதின் வாசகத்தை நாம் தனியே எழுதவில்லை. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இளைப்பாறிய மருத்துவமாது அம்மா திருத்தித் தந்தார். எத்தனையோ ஆண்டு சைக்கிளில் இந்தக் காட்டுப் பாதைகளிற் திரிந்தவர் அவர். எந்த வீட்டில் எவள் என்ன கேட்டாள் என்பதை இன்றுவரை எவருக்கும் சொல்லாதவர். எம் பேச்சிலே பிழை இருந்தால் அவரே சொல்லட்டும். ஆண்கள் எழுந்து வெளியே போகாமல் இருந்து கேட்கும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, ஒலிபெருக்கியை அவரிடம் கொடுக்கிறோம்.